நாறாத கருவாட்டுக்கு மூன்று ஓலை

3 ஜூன் 2024, திங்கள்

இந்தக் கொப்பி ஜெயனி ரீச்சர் தந்தது. ஒரு நாளைக்கு ஒரு வரியாவது எழுதச் சொன்னார். இன்றைக்கு நிறைய எழுதப் போகிறேன். ஒரு மணித்தியாலம் செல்லும். பரவாயில்லை. எழுபத்து மூன்று வயதில் எனக்கு என்ன அவசரம்?

காலையில் பிஸ்கற் பைக்கற்றை முன்னுக்கும் பின்னுக்கும் வாசித்தேன். அதற்குள் பாமெண்ணெய் இருக்கிறதாம். இவ்வளவு காலமும் தெரியாமல் தின்றிருக்கிறேன். என் மனிசி கத்தரீனா, "தேத்தண்ணி ஆறுது" என்றாள். "பொறு, இன்னும் முகவரி இருக்கு" என்றேன்.

கனடாவிலிருந்து மகள் றொசாந்தி கதைத்தாள். போன மாதம் நாங்கள் கொடுத்துவிட்ட கட்டாக் கருவாடும் ஒரு பட்டுச் சேலையும் ஒரே பெட்டியில் போனதாம். பெட்டியைத் திறந்தால் சேலையில் ஒரு நாற்றமும் இல்லையாம். "அப்பா, இஞ்சை சனம் எல்லாம் கேக்குது, இது என்ன கருவாடு எண்டு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. நாறாத கருவாடு! வெளிநாட்டிலிருந்து வந்து போகிற சனம் கருவாட்டுக்கு ஏழு பொலித்தீன் சுற்றியும் பயந்து பயந்து கொண்டுபோகுது. இதை நாங்கள் விற்றால் என்ன?

இந்தக் கருவாட்டைக் கத்தரீனா கலியாணம் முடித்த நாள் தொட்டு இப்படித்தான் போடுகிறாள். அவளுடைய கைப்பக்குவம். எப்படி என்று இன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மீனை வெட்டிக் கழுவி, உப்புப் போட முன், அரிசி கழுவின தண்ணீரில் ஊறவிடுகிறாள். அதற்குள் தேசியிலை, அதுதான் எலுமிச்சை இலை, கசக்கிப் போடுகிறாள். அவ்வளவுதான். பிறகு உப்பு. பிறகு வெயில்.

அவள் ஐம்பது வருஷம் செய்தாள். கவனித்தது நான். ஆகவே யோசனை என்னுடையது.

கொப்பியைப் பழைய என்ஜின் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறேன்.

4 ஜூன்

நேற்று எழுதியதை வாசித்தேன். முழுவதும் விளங்கியது!

8 ஜூன், சனி

கோயில் மண்டபத்தில் முதியோர் எழுத்து வகுப்பு. முடிந்த பிறகு ரீச்சரிடம் கேட்டேன்.

"என்ரை சிநேகிதன் ஒருத்தனிட்டை ஒரு யோசனை இருக்கு. மற்றவை களவெடுக்காமல் அதை எப்பிடி வைச்சிருக்கிறது?"

"சிநேகிதனிட்டை என்ன வசதி இருக்கு ஐயா?"

"ஒரு சைக்கிள் இருக்கு."

ரீச்சர் மற்றப் பக்கம் திரும்பிச் சிரித்தார். இதற்கெல்லாம் கொழும்பில் ஓர் அலுவலகம் இருக்கிறதாம். லோயர் வேண்டுமாம், காலம் எடுக்குமாம். "முதல் பிரதேச செயலகத்திலை விசாரிக்கச் சொல்லுங்கோ. அதோடை, நடக்கிறதை எல்லாம் திகதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கோ. திகதி போட்ட எழுத்து ஒரு சாட்சி."

அந்தச் சொல்லை வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். திகதி போட்ட எழுத்து ஒரு சாட்சி.

எட்டு வயதில் என்னைக் கடலுக்குக் கூட்டிப் போனார்கள். பள்ளிக்கூடத்தின் வாங்கில் நான் இருந்ததே இல்லை. கலியாணம் முடித்த புதிதில், இப்போது மீன்கடை வைத்திருக்கிற லெனாட்டின் தேப்பன் ஒரு கடுதாசி நீட்டினார். "இது வலைக் கணக்கு" என்றார். பெருவிரலை வைத்தேன். அது வலைக் கணக்கு இல்லை. படகில் என்னுடைய பங்கு அந்தக் கடுதாசியோடு போய்விட்டது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கூலிக்குத்தான் கடலுக்குப் போனேன். என் பெயரில் இன்று வரை ஒன்றும் இல்லை, இந்தக் கொப்பியைத் தவிர.

இந்த யோசனை மட்டும் என் பெயரில் இருக்க வேண்டும். பெருவிரல் இல்லாமல்.

11 ஜூன், செவ்வாய்

பிரதேச செயலகத்துக்குப் போனேன். மதிலில் "இங்கே துப்பாதீர்கள்" என்று எழுதியிருந்தது. அந்த மதிலில் நான் நாற்பது வருஷம் துப்பியிருக்கிறேன்.

உள்ளே ஒரு பிள்ளை இருந்தாள். நல்ல மரியாதை. "ஐயா, யோசனையை இஞ்சை பதிய ஏலாது. வியாபாரத்துக்குப் பெயர் வைச்சு அதைப் பதியலாம்" என்றாள். ஒரு படிவம் தந்தாள்.

நான் அங்கேயே நின்று எழுதினேன். என் பெயர் எழுதினேன். வடிவாக வந்தது. பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். முகவரியும் எழுதினேன். பின்னால் நின்ற ஒருவர் கதிரை தேடிப் போய் இருந்துவிட்டார்.

"என்ன வியாபாரம் ஐயா?"

"சொல்ல மாட்டன்."

"அதை எழுதாமல் பதிய ஏலாதே."

"எழுதினால் நீங்கள் வாசிச்சுப்போடுவியள்."

பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக யோசித்து எழுதி வரச் சொன்னாள்.

14 ஜூன்

நானே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். கத்தரீனாவுக்குச் சொல்லவில்லை. பெண்களுக்குச் சொன்னால் குழாயடிக்குப் போய்விடும்.

ஆனால் பத்துக் கிலோ மீன் ஊறவைக்கக் கழுநீர் காணாது. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குச் சமைக்கும் அரிசியில் எவ்வளவு தண்ணீர் வரும்? வாளியைத் தூக்கிக்கொண்டு அயலில் பத்து வீட்டுக்குப் போனேன். முதல் வீடு றஜனி வீடு. "என்னத்துக்கு அப்பு கழுநீர்?" என்று கேட்டாள். வாயில் வந்தது: "ஆட்டுக்கு."

கடலில் மீன் கிடக்கிற இடத்தைக் கண்டால் கரையில் உண்மை சொல்ல மாட்டோம். மேற்கே பிடித்தால் கிழக்கே என்போம். அது எங்களுக்குப் பழக்கம். அதனால் பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்தேன். எங்களிடம் ஆடு இல்லை.

17 ஜூன், திங்கள்

கோப்பாய்க்குப் போனேன். தோட்டக்காரப் பரமலிங்கம் என் பழைய சிநேகிதன். அவனிடம் ஓர் ஆடு இரவல் கேட்டேன்.

"மீன்காரனுக்கு ஆடு என்னத்துக்கடா?"

"டொக்டர் ஆட்டுப்பால் குடிக்கச் சொன்னவர்."

"உது கிடாய்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கிடாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு, "சரி, கொண்டு போ. திருப்பிக் கொண்டு வந்தால் சரி" என்றான். ஓட்டோவில் என் மடியில்தான் வந்தது. சட்டைப் பொத்தான் ஒன்றைத் தின்றுவிட்டது.

கத்தரீனா படலையில் நின்று பார்த்தாள். "ஆர்டை ஆடு?" என்றாள். "எங்கடை" என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது.

18 ஜூன்

ஆடு கத்துகிறது. இரகசியம் கத்தக் கூடாது.

24 ஜூன், திங்கள்

கத்தரீனா பூசைக்குப் போன நேரங்களில் வள்ளக் கொட்டிலுக்குப் பின்னால் வைத்து என் கருவாட்டைச் செய்தேன். கழுநீர், தேசியிலை, உப்பு, வெயில். எல்லாம் சரியாகச் செய்தேன்.

மணந்து பார்த்தேன். கொஞ்சம் நாறுகிறது. மீன் சரியில்லை போல.

பின்னேரம் றஜனி வேலியால் எட்டிப் பார்த்தாள். "அப்பு, பத்து வீட்டுக் கழுநீர் குடிச்சும் உங்கடை ஆடு ஏன் மெலிஞ்சுகொண்டு போகுது?"

நான் என்ன சொல்ல? "அதுக்குப் பூச்சி" என்றேன். பக்கத்தில் லெனாட் நின்றான். என் படகுப் பங்கை எடுத்தவரின் மகன்தான். அவனுக்குக் குளிர்ப்பெட்டி வைத்த வான் இருக்கிறது, கடை இருக்கிறது, போனில் விளம்பரம் இருக்கிறது. அவன் ஆட்டைப் பார்த்தான். என் வாளியையும் அதற்குள் கிடந்த தேசியிலையையும் பார்த்தான். வெயிலில் காய்ந்த என் மீனைப் பார்த்தான். சிரித்துக்கொண்டு போனான்.

2 ஜூலை, செவ்வாய்

ஐயோ. லெனாட் வானிலை பீப்பா வைச்சுக் கழுநீர் எடுக்கிறான். என்ரை பத்து வீடும் அவனுக்குக் குடுக்குது. றஜனியும்தான்!

ஓடிப்போய்க் கேட்டனான். "உனக்கு என்னத்துக்கடா கழுநீர்?"

"எனக்கும் ஆடு இருக்கு அப்பு."

"எங்கை?"

"உங்கடை ஆட்டுக்குப் பூச்சி எண்டியள். தொத்திப்போடும் எண்டு கண்ணிலை காட்டாமல் வைச்சிருக்கிறன்."

பிறகு என் தோளில் கையைப் போட்டுச் சொன்னான்: "நானும் கடலுக்குப் போறவன்ரை பிள்ளைதான் அப்பு. நீங்கள் கிழக்கு எண்டால் நான் மேற்கே பாக்க மாட்டனோ? நீங்கள் ஆடு எண்ட உடனையே எனக்கு விளங்கிப் போச்சு, உது ஆடு இல்லை எண்டு."

தேப்பன் பங்கை எடுத்தார். இவன் யோசனையை எடுக்கிறான். உவங்களுக்கு என்னைத் தவிர வேறை ஆளே கிடையாதோ? சாப்பிட மனம் வரேல்லை. கத்தரீனா சோற்றுக்கோப்பையை இரண்டு தரம் சூடாக்கி வைச்சாள்.

4 ஜூலை

ஒரு வழி கண்டேன்.

கலியாணம் கட்ட முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. மூன்றாம் ஓலை வரைக்கும் ஒருவரும் தடை சொல்லாவிட்டால் கலியாணம் சரி. பிறகு எவரும் வாய் திறக்க ஏலாது. லோயர் இல்லை, செலவில்லை. முழுக் கோயிலும் சாட்சி.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அது காணுமென்றால், எனக்கும் கருவாட்டுக்கும் ஏன் காணாது?

பங்குச் சுவாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் சிரிக்கவில்லை. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பு, பூசையிலை கருவாட்டுக்கு ஓலை வாசிச்சால் ஆயர் என்னை வேறை ஊருக்கு மாத்திப்போடுவார்" என்றார். ஆனால் முற்றத்து அறிவித்தல் பலகையில் ஒரு மூலை தருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை. நானே என் கையால் எழுத வேண்டும்.

அதைச் சொல்லவும் வேண்டுமா!

7 ஜூலை, ஞாயிறு

மூன்று நாள் எழுதினேன். ஐந்து கடுதாசி பழுதாகிப் போனது. ஆறாவதை ஒட்டினேன்.

"அறிவித்தல். பேதுரு ஆகிய நான் நாறாத கருவாடு என்னும் யோசனையைக் கண்டுபிடித்திருக்கிறேன். இது முதலாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சுவாமியிடம் சொல்லவும்."

பக்கத்தில் ஒரு கலியாண ஓலையும் இருந்தது. அதை ஒருவரும் வாசிக்கவில்லை. மாப்பிள்ளையே என்னுடையதைத்தான் வாசித்துக்கொண்டு நின்றான்.

ஜெயனி ரீச்சர் வந்து நெடுநேரம் பார்த்தார். "எழுத்து வடிவா இருக்கு ஐயா" என்றார். பிறகு, "இப்ப உங்கடை சிநேகிதனுக்குச் சந்தோசமோ?" என்றார்.

14 ஜூலை, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை இல்லை.

வெளியே போகும்போது லெனாட், "அப்பு, சீதனம் எவ்வளவு?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கட்டும். சிரித்தவர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி.

கத்தரீனா மட்டும் சிரிக்கவில்லை. பலகையை ஒருமுறை பார்த்தாள். செபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பெருமை போல.

20 ஜூலை

நாளைக்கு மூன்றாம் ஓலை. வெள்ளைச் சட்டை தோய்த்தாயிற்று. ஆடு தின்ற பொத்தானுக்குக் கத்தரீனா புதுப் பொத்தான் தைத்துத் தந்தாள்.

21 ஜூலை, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதத்தான் வேண்டும். கை ஓடுதில்லை.

பூசை முடிந்து எல்லாரும் பலகைக்கு முன்னால் நின்றார்கள். சுவாமி அந்தப் பக்கமாக வந்தார். லெனாட் கையைத் தூக்கினான்.

"சுவாமி, எனக்குத் தடை இருக்கு. நாறாத கருவாடு நான் போன வருஷமே போடத் துடங்கினனான்."

பொய்! ஆனால் நான் கலங்கவில்லை. இதற்காகத்தானே இவ்வளவு நாளும் எழுதினேன். சட்டைக்குள் கொப்பி வைத்திருந்தேன். எடுத்துச் சுவாமியிடம் நீட்டினேன். "ஜூன் மூண்டாம் திகதியிலை இருந்து எழுதி வைச்சிருக்கிறன். திகதி போட்ட எழுத்து ஒரு சாட்சி. வாசியுங்கோ சுவாமி, எல்லாரும் கேக்க."

சுவாமி கண்ணாடியைத் தேடினார். கத்தரீனா முன்னுக்கு வந்தாள். "தாருங்கோ சுவாமி. இவரின்ரை எழுத்து எனக்குத்தான் பழக்கம்."

அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். உரத்து வாசித்தாள். பிஸ்கற் பைக்கற்றையும் வாசித்தாள். றொசாந்தி சொன்னதையும் வாசித்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் எழுத்தை முழு முற்றமும் கேட்கிறதே! பிறகு வாசித்தாள்:

"இந்தக் கருவாட்டைக் கத்தரீனா கலியாணம் முடித்த நாள் தொட்டு இப்படித்தான் போடுகிறாள். அவளுடைய கைப்பக்குவம். எப்படி என்று இன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன்."

அதோடு கொப்பியை மூடினாள். அடுத்த வரியில்தான் செய்முறை இருந்தது.

"லெனாட், நீ போன வருஷம் எண்டாய். எனக்குக் கலியாணம் எப்ப எண்டு கொம்மாவைக் கேள். அவதான் எனக்குத் தோழி நிண்டவ." பிறகு சுவாமியைப் பார்த்தாள். "சுவாமி, எனக்கும் தடை இருக்கு. யோசனை என்ரை. இவரே எழுதி வைச்சிருக்கிறார், திகதியும் போட்டிருக்கு."

பிறகு றஜனி கேட்டாள்: "அப்ப அந்த ஆடு?"

அதற்குப் பிறகு சிரிப்பில் முற்றத்தில் ஒருவராலும் நிற்க ஏலவில்லை. சுவாமி கதவுக்குப் பின்னால் போய்விட்டார். லெனாட் வானை எடுத்துக்கொண்டு போனான்.

வழியில் அவளிடம் கேட்டேன், கொப்பியை எப்போது வாசித்தாய் என்று.

"ஜூன் நாலாந் திகதி. நீங்கள் 'முழுவதும் விளங்கியது' எண்டு எழுதி மை காயமுந்தி."

"அப்ப முதலாம் ஓலையிலையே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் லெனாட் சனத்துக்கு முன்னாலை வாய் திறந்து பொய் சொல்லியிருப்பானோ? மூண்டாம் ஓலைக்குக் காத்துக்கொண்டிருந்தனான்."

22 ஜூலை

ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஆட்டோடை மட்டும்.

கண்டது நான். அது பொய்யோ? அவள் ஐம்பது வருஷமாய்ப் போட்டாள். ஒரு நாளாவது விற்போம் எண்டு சொன்னவளோ? நான் பார்க்காமல் விட்டிருந்தால் அது குசினிக்குள்ளையே கிடந்திருக்கும். அப்ப அது ஆர்டை யோசனை?

பின்னேரம் கடற்கரையில் இருந்து யோசித்தேன். எங்கள் கடலில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டு பேர் ஒரு இடத்துக்குச் சண்டை பிடித்தால், "நான் கண்டேன்" என்கிறவனை ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆருடைய வலை தண்ணீருக்குள் கிடக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

அவளுடைய வலை ஐம்பது வருஷமாகத் தண்ணீருக்குள் கிடக்கிறது.

வேறொன்றும் நினைத்தேன். லெனாட்டின் தேப்பன் என்னைக் கேட்காமல் என் பங்கை எடுத்தார். நான் கத்தரீனாவைக் கேட்டேனா?

இதை எழுத இரண்டு மணித்தியாலம் சென்றது.

23 ஜூலை

மன்னிப்புக் கேட்டேன். அவள், "முதல் ஆட்டுக்குக் குழை வெட்டிப் போடுங்கோ, அது பாவம்" என்றாள்.

29 ஜூலை, திங்கள்

லெனாட்டின் கருவாடு நாறுகிறதாம்! லண்டனுக்குப் போக நின்ற ஒருவர் ஒரு பெட்டி வாங்கி, வெளிக்கிட முந்தியே கொண்டுவந்து கடை வாசலில் வைத்துவிட்டுப் போனாராம். அவருடைய பயணப் பெட்டிக்குள் அதோடு மாப்பிள்ளைக் கோட்டும் இருந்ததாம். றஜனி கையைத் தட்டித் தட்டிச் சொன்னாள்.

சந்தோசப்பட்டேன். பிறகு நினைத்தேன். அவனும் கழுநீர், தேசியிலை எல்லாம் போட்டுத்தானே செய்திருப்பான்? வள்ளக் கொட்டிலுக்குப் பின்னால் நான் செய்ததும் நாறியதே. மீனில் பிழை இல்லையோ?

கத்தரீனாவிடம் கேட்டேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மூண்டாவது ஒண்டு இருக்கு."

"என்ன அது?"

"சொல்ல மாட்டன்."

"நான் உன்ரை புருஷன்."

"அதுக்கில்லை. சொன்னால் எழுதிப்போடுவியள்."

6 ஆகஸ்ட், செவ்வாய்

இரண்டு பேரும் பிரதேச செயலகத்துக்குப் போனோம். மதிலில் துப்பவில்லை.

அந்தப் பிள்ளை என்னைக் கண்டவுடன் பின்னால் நின்றவர்களை மற்ற வரிசைக்குப் போகச் சொன்னாள். நல்ல பிள்ளை. படிவத்தை நான் எழுதினேன். வியாபாரப் பெயர்: கத்தரீனா கருவாடு. வியாபாரத்தின் தன்மை: கருவாடு விற்றல். உரிமையாளர்: கத்தரீனா. அவள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஐம்பது வருஷம் கூப்பிட்ட பெயர். எழுத்தில் பார்த்தால் நீளமாக இருக்கிறது.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

"அப்ப ஐயா ஆர்?" என்று பிள்ளை கேட்டாள்.

"அவர் எங்கடை எழுத்துவேலை" என்றாள் கத்தரீனா.

எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

இந்தக் கிழமை அறுபது லேபல் எழுதினேன். பிரிண்ட் பண்ணலாமே என்று றொசாந்தி ரெலிபோனில் கேட்டாள். "அப்பா இருக்கேக்கை ஏன்?" என்று கத்தரீனா சொன்னாள். நான் கேட்காதது மாதிரி இருந்தேன்.

பத்து வீட்டுக் கழுநீரும் திரும்ப எங்களுக்குத்தான் வருகிறது. ஆட்டுக்கும் ஒரு பங்கு போகிறது. கொழுத்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனேன். "உது என்ரை ஆடே இல்லை" என்கிறான் பரமலிங்கம்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

மீன் ஊறப்போடுகிற நாட்களில் கத்தரீனா, "இஞ்சேருங்கோ, ஆட்டை ஒருக்கா மேய்ச்சுக்கொண்டு வாங்கோ" என்பாள். அது மூன்றாவது பொருள் போடுகிற நேரம். எனக்குத் தெரியும். ஆட்டைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். வழியில் உள்ள பலகை எல்லாம் வாசித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கழித்து வருவேன்.

இன்றைக்கு ஆடு பாதி வழியில் திரும்பி ஓடிவிட்டது. அதைத் துரத்திக்கொண்டு வந்து படலையைத் திறந்தேன். கத்தரீனாவின் கையில் இருந்ததைக் கண்டேன். நான் கண்டதை அவளும் கண்டாள். ஆட்டைக் கட்டிவிட்டு வந்து இருந்து இதை எழுதுகிறேன்.

கத்தரீனா, நீ நாளைக்கு இதை வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். பேனையில் மை இருக்கிறது, பக்கத்திலும் இடம் இருக்கிறது. எழுதவில்லை, பார்.